இரு திமிலும் ஒரு திமிலும்

ஒட்டகத்தைச் சிந்தித்துப் பார்க்குமாறு திருமறை மனிதனை அழைக்கின்றது. அதைக் கூர்ந்து கவனித்த மக்கள் அதனைக் கொண்டு நிகழ்த்திய ஓர் அருஞ்செயலை இங்குக் காண்போம்.

கலப்பினக் கால்நடை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை ஜெர்ஸிப் பசுக்களும் பால் பண்ணைகளுமே. இக்கலை மேலை விஞ்ஞானம் அண்மையில் ஈந்த கொடை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். வரலாறோ வேறு விதமாகப் பேசுகின்றது.

அரபு நாட்டு ஒட்டகத்திற்குத் திமில் ஒன்று. வெப்பத்தையும் தாகத்தையும் அது தாங்கும், கடுங்குளிரைத் தாங்காது. மத்திய ஆசியாவின் பாக்டிரிய ஒட்டகத்திற்குத் திமில் இரண்டு. பனியிலும் மலைப்பாதையிலும் அது தளராது நடக்கும், வெயிலிலோ சோர்ந்துவிடும். இவ்விரு நிலங்களும் சந்திக்கும் ஈரானியப் பகுதியில், இஸ்லாம் தோன்றுவதற்கு முன்னரே இவ்விரண்டையும் இணை சேர்த்தனர். பிறந்த குட்டி இரு பெற்றோரையும் விஞ்சியது. நடுவில் சற்றே பள்ளம் விழுந்த நீண்ட ஒற்றைத் திமிலும், ஆயிரம் கிலோவை எட்டக்கூடிய உடற்கட்டும் அதற்கு வாய்த்தன. பாரம் சுமப்பதில் அதற்கு இணை இல்லை.

அரபு மக்கள் இதனை 'புக்த்' என்றனர். இருதிமில் ஒட்டகத்திற்கும் அப்பெயர் வழங்கியதுண்டு. இப்னு மன்ழூர் தொகுத்த 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதி, 'ஃபாலிஜ்' எனப்படும் இருதிமில் ஒட்டகம் இனவிருத்திக்காகச் சிந்து நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதைக் கூறுகின்றது. ஹிஜ்ரி 255-இல் மறைந்த பஸ்ராவின் பேரறிஞர் ஜாஹிழ், தமது பிராணிகள் நூலில் கலப்புப் பிறவிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளார். ஹிஜ்ரி 179-இல் மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, ஜகாத்தைக் கணக்கிடும்போது அரபு ஒட்டகங்களையும் புக்த் ஒட்டகங்களையும் ஒன்றாகச் சேர்த்தே எண்ண வேண்டும் என்று முவத்தாவில் தீர்ப்பளித்துள்ளார்கள். சட்டம் வகுக்க வேண்டிய அளவுக்கு அவை மக்களிடம் பெருகியிருந்தன என்பது இதனால் விளங்கும்.

அக்பரின் அரண்மனை ஒட்டகங்களை விவரிக்கும் அபுல் ஃபஸ்ல், எந்த ஆணும் எந்தப் பெண்ணும் சேர்ந்தால் பிறக்கும் குட்டிக்கு என்ன பெயர் என்பதைத் தனித்தனியே 'ஆயினே அக்பரி'யில் பதிவு செய்துள்ளார். அனத்தோலியாவில் உதுமானியப் படைகளின் சுமைகளைக் கலப்பின ஒட்டகங்கள் சுமந்தன. துருக்கியின் மேற்குக் கரையில் நடைபெறும் ஒட்டக மல்யுத்தங்களில் 'துலு' எனும் பெயரில் இன்றும் அவற்றைக் காணலாம்.

ஆனால், இக்கலையில் ஒரு நிபந்தனை உண்டு. கோவேறு கழுதையை எடுத்துக்கொள்வோம். குதிரையின் குரோமோசோம்கள் 64, கழுதையினுடையவை 62, இரண்டுக்கும் பிறந்ததற்கோ 63. ஆகவே அது பெரும்பாலும் மலடாகவே நின்றுவிடுகின்றது. ஒட்டக இனங்கள் இரண்டுக்கும் 74 ஆதலால், அவற்றின் கலப்புப் பிறவி மேலும் குட்டி ஈனும். எனினும், கலப்பினத்தைக் கலப்பினத்தோடே சேர்த்தால் அடுத்த தலைமுறை வலிமை குன்றிப் போவதை மேய்ப்போர் அனுபவத்தில் கண்டனர். கோவேறு கழுதையின் வழியை இயற்கையே அடைத்துவிட்டது. ஒட்டகத்தின் வழியையோ மனிதன்தான் காக்க வேண்டியிருந்தது. தூய இனங்கள் இரண்டையும் தனித்தனியே பேணியவனுக்கே ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தப் பெருவலிமை கிட்டியது.

இக்காவல் தவறினால் என்ன நேரும்? மங்கோலியாவிலும் சீனத்திலும் கோபிப் பாலைவனத்தை ஒட்டி வாழும் காட்டு ஒட்டகங்கள் இன்று ஏறத்தாழ ஆயிரம்தான் எஞ்சியுள்ளன. வீட்டு ஒட்டகங்களோடு கலந்து தம் தனித்தன்மையை இழப்பது அவற்றைச் சூழ்ந்துள்ள ஆபத்துகளில் ஒன்று.

நம் நாட்டையும் எண்ணிப் பார்ப்போம். 2012-க்கும் 2019-க்கும் இடையே இந்தியாவில் அயலின, கலப்பின மாடுகள் ஏறத்தாழ 27 விழுக்காடு பெருகின. நாட்டு மாடுகளோ 6 விழுக்காடு குறைந்தன எனக் கால்நடைக் கணக்கெடுப்பு காட்டுகின்றது. கலப்பினப் பசு தரும் பால் பல ஏழைக் குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்கின்றது. அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும், வெயிலையும் வறட்சியையும் தாங்கும் வலிமையை அக்கலப்புக்கு வழங்குவது நம் நாட்டுப் பசுவே. அது அழிந்தபின் எதனோடு எதைக் கலப்பது? ஒட்டகம் வளர்த்த அந்தப் பழைய மக்கள் இக்கேள்வியை மறக்கவில்லை. நாமும் மறக்கலாகாது.