கோலாவைக் காப்பாற்றினார்கள், மரத்தை மறந்தார்கள்

கோலான்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? மரக்கிளையைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குற ஒரு பொம்மை உருவம், இல்லையா? இன்னைக்கு ஆஸ்திரேலியாவோட செல்லப்பிள்ளை அது. ஆனா ஒரு காலத்தில் அங்கே அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்து அதை வேட்டையாட விட்டது. இன்னைக்கு அந்தக் கதையைத்தான் பார்க்கப் போறோம்.

எல்லாத்துக்கும் காரணம் அதோட தோல். அடர்த்தியான முடி, குளிர் தாங்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து லட்சக்கணக்கான கோலாத் தோல்கள் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. விக்டோரியாவில் கோலாக்கள் மிகச் சொற்பமாகிவிட்டன. தெற்கு ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் 1930களுக்குள் அடியோடு அழிந்தே போயின. ஓரளவு மிஞ்சியிருந்த இடங்களில் முக்கியமானது குயின்ஸ்லாந்து.

1927இல் அங்கே வறட்சி, வேலையில்லாத் திண்டாட்டம். கிராமத்து மக்களுக்கு நாலு காசு கிடைக்கட்டும் என்று, ஆகஸ்ட் மாதம் முழுக்க வேட்டைக்கு அனுமதி என அரசாங்கம் அறிவித்தது. பாதிரியார்கள், எழுத்தாளர்கள், பத்திரிகைகள் என்று பலரும் எதிர்த்தார்கள். அரசாங்கம் அசையவே இல்லை. சுமார் 10,000 பேர் லைசென்ஸ் வாங்கினார்கள். துப்பாக்கி, சுருக்குக் கயிறு, சயனைடு. ஒரே மாதத்தில் ஏறக்குறைய 6 லட்சம் கோலாக்கள் கொல்லப்பட்டன. தாயின் வயித்துப் பையில் இருந்த குட்டிகளை யாரும் எண்ணவில்லை.

அதை ‘கருப்பு ஆகஸ்ட்’னு சொல்றாங்க. அப்போ கிளம்பிய கோபம் வீண்போகவில்லை. அதன்பிறகு அப்படி ஒரு வேட்டைக்கு எந்த அரசாங்கமும் துணியவில்லை. அதே 1927இல் பிரிஸ்பேனில் லோன் பைன் கோலா சரணாலயம் தொடங்கப்பட்டது. 1937இல் குயின்ஸ்லாந்து சட்டம் கோலாவுக்கு முழுப் பாதுகாப்பு கொடுத்தது.

கதை இங்கேயே சுபமா முடிஞ்சிருக்கலாம். முடியல. ஏன்?

கோலாவைக் கொல்லக் கூடாதுன்னு சட்டம் வந்தது. அது வாழுற மரத்தை வெட்டக் கூடாதுன்னு வரல. கோலாவின் சாப்பாடு யூகலிப்டஸ் இலை, நம்ம ஊர் தைலமரக் குடும்பம்தான். அதில் நூற்றுக்கணக்கான வகைகள் இருந்தாலும், கோலா விரும்பிச் சாப்பிடுவது சில வகைகளை மட்டுமே. அந்த மரங்கள் செழிப்பாக வளர்வது கடலோரச் சமவெளியின் நல்ல மண்ணில். விவசாயத்துக்கும் வீட்டு மனைக்கும் மனிதர்கள் தேடியதும் அதே மண்ணைத்தான். மரம் போனால் கோலா தரைக்கு இறங்கி அடுத்த மரத்தைத் தேடி நடக்கும். வழியில் காரும் நாயும் காத்திருக்கும்.

கங்காரு தீவில் இதே பிரச்சினை தலைகீழாக வந்தது. 1920களில் 18 கோலாக்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அவை பல்கிப் பெருகி, மரங்களையே மொட்டையடிக்க ஆரம்பித்தன. 1997இலிருந்து அவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டியதாயிற்று. கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மரத்தில்தான் வந்து நிற்கிறது.

2012இல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பகுதி ஆகிய இடங்களின் கோலாக்கள் ‘பாதிக்கப்படக்கூடியவை’ பட்டியலில் சேர்ந்தன. 2019-20 காட்டுத்தீக்குப் பிறகு, 2022 பிப்ரவரியில், ‘அழியும் ஆபத்தில் உள்ளவை’ என்ற நிலைக்குப் போய்விட்டன.

1927இல் கோபப்பட ஒரு துப்பாக்கி கண்ணெதிரே இருந்தது. இன்னைக்கு இருக்கறது வீட்டுமனை அனுமதி, புது ரோடு, புது மேய்ச்சல் நிலம். தனித்தனியா பார்த்தா எல்லாமே நியாயமாத்தான் தெரியும். அதனாலதான் இந்த முறை கோபம் வர்றது கஷ்டமா இருக்கு.