நொடிப்பொழுதில் எடுத்த முடிவு: திடீர் ஆபத்தும் கவனக்குறைவுச் சட்டமும்

திடீர் ஆபத்தில் சிக்கியவர் யோசிக்க நேரமின்றிச் செய்த காரியம் பிசகிப்போனால், அந்தப் பிசகை மட்டும் வைத்து அவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்ல முடியாது. இந்தக் கோட்பாடு இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் வழக்கு வழக்காக உருவாகி வளர்ந்தது.

இதன் முன்னோடி 1770-இல் சாமர்செட் பகுதியிலுள்ள மில்போர்ன் போர்ட் சந்தையில் நடந்த ஒரு விபரீதம். ஷெப்பர்டு என்பவர் கொளுத்திய பட்டாசைக் கூட்டத்துக்குள் வீசினார். அது ஒரு தின்பண்டக் கடையில் விழுந்தது. அங்கிருந்த ஒருவர் அதை எடுத்து வீசினார். அது போய் விழுந்த கடையின் உரிமையாளரும் தம்மையும் சரக்கையும் காக்க அதையே செய்தார். கடைசியில் அது ஸ்காட் என்பவரின் முகத்தில் பட்டு வெடித்து ஒரு கண்ணைப் பறித்தது. 1773-இல் வந்த தீர்ப்பு ஷெப்பர்டையே பொறுப்பாக்கியது. நடுவில் வீசியவர்கள் தற்காப்புக்காகச் செய்தார்கள் என்பதால், அவர்கள் செயல் பொறுப்பின் சங்கிலியை அறுக்கவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர்.

அந்தக் காலத்துச் சட்டத்தின் கடுமையே இந்தக் கோட்பாட்டுக்குத் தேவையை உண்டாக்கியது. 1809-இல் தெருவின் குறுக்கே ஒருவர் கம்பு வைத்திருக்க, குதிரையில் வேகமாக வந்தவர் அதில் மோதி விழுந்தார். அவரும் கவனமாக வரவில்லை என்பதால் இழப்பீடே கிடையாது என்றாயிற்று. அடிபட்டவரிடம் சிறு தவறு இருந்தாலும் வழக்கு முழுவதும் தோற்கும் நிலை அது.

அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவரான எல்லன்பரோ பிரபுவே 1816-இல் ஒரு வழியைத் திறந்தார். பயணி வண்டியின் கடிவாள வார் அறுந்து, வண்டி தறிகெட்டது. பயணி ஒருவர் கீழே குதித்துக் காலை முறித்துக்கொண்டார். வண்டி கவிழவில்லை, உட்கார்ந்திருந்தால் அவருக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. ஆனாலும் அந்த நேரத்தில் குதிப்பது விவேகமுள்ளவர் செய்யக்கூடிய காரியம்தானா என்பதே கேள்வி என்று நீதிபதி ஜூரியிடம் விளக்கினார். பயணி வென்றார்.

அடிபட்டவரைக் காத்த இந்த நியாயம் பின்னர் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கேடயமானது. 1878 செப்டம்பர் 3-ஆம் தேதி மாலை, தேம்ஸ் நதியில் 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாசப் படகின்மீது 'பைவெல் காசில்' என்ற கப்பல் மோதி 600 பேருக்கு மேல் மாண்டனர். படகு திடீரெனத் திரும்பிக் குறுக்கே வந்ததும், கடைசி நொடியில் கப்பல் தலைவர் தவறான பக்கம் சுக்கானைத் திருப்பச் சொன்னார். கீழ் நீதிமன்றம் இரு தரப்பையும் குறை கூறியது. 1879-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கப்பலை விடுவித்தது: எதிர்த்தரப்பின் தவறால் வந்த நெருக்கடியில் இருந்தவரிடம் நிதானமான கணிப்பை எதிர்பார்க்கக் கூடாது.

அமெரிக்காவும் இதை ஏற்றது. 1941-இல் நியூயார்க்கில் முடிவான வழக்கில், துப்பாக்கியோடு ஏறிய கொள்ளையனுக்கு அஞ்சி டாக்சி ஓட்டுநர் ஓடும் வண்டியிலிருந்து குதித்தார். வண்டி நடைபாதையில் ஏறி ஒரு தாயையும் இரு குழந்தைகளையும் காயப்படுத்தியது. ஓட்டுநரின் செயலைக் கவனக்குறைவு என்று கொள்ளாமல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. ஆனால் இந்தச் சலுகைக்கு எல்லை உண்டு. தன் தவறாலேயே ஆபத்தை வரவழைத்தவர் அதைக் கோர முடியாது.

தவறின் அளவுக்கேற்ப இழப்பீட்டைப் பங்கிடும் முறை வந்தபோது கோட்பாட்டின் தேவை குறைந்தது. பிரிட்டன் 1945-இல் அதற்குச் சட்டம் இயற்றியது. அமெரிக்க மாநிலங்களும் படிப்படியாக மாறின. மிசிசிப்பி 1980-இலும், மொன்டானா 1986-இலும், கொலராடோ 2013-இலும் ஜூரிக்கு இதைத் தனி விதியாகச் சொல்வதைக் கைவிட்டன. சில மாநிலங்களில் அது இன்னும் சொல்லப்படுகிறது. கைவிட்ட இடங்களிலும், அதே சூழலில் விவேகமுள்ள ஒருவர் என்ன செய்திருப்பார் என்ற பொதுக் கேள்விக்குள் நெருக்கடியும் ஒரு சூழலாக அடங்கிவிடுகிறது.