மதுரை–போடிநாயக்கனூர் ரயில் பாதை

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிமெட்டு மலையடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூர் (போடி) வரை செல்லும், ஏறத்தாழ 90 கி.மீ. பாதை. ஏலக்காய் வணிகத்துக்கும் உதவிய இது 1928-இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் 15 அன்றும் ரயில் திரும்பியது. ஊர் பொறுத்திருந்தது அதிகம்தான்.

ரயில் திரும்பியது காலநிலைக்கும் நல்லது. தண்டவாளத்தில் உருளும் சக்கரத்துக்கு உராய்வு குறைவு. கூட்டம் நிறைந்த ரயிலில் ஆளுக்கான எரிபொருளும் புகையும் காரைவிட மிகக் குறைவு. பெரும்பாலும் பழைய தடத்தையே பயன்படுத்தியது கூடுதல் நன்மை.

ஆனால் ரயில் அடிவாரத்தோடு சரி. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக, விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறார்கள். காலநிலைத் திட்டம் தீட்டுவோர் முதலில் கணக்கெடுக்க வேண்டியது இந்த ஜீப்புகளைத்தான்.