திருகோணமலைத் துறைமுகமும் வற்றுப்பெருக்குக் கணக்கும்

அறுபதுகளின் பிற்பகுதியில் திருகோணமலையில் உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். ஒரு துறைமுக வாயிலில் வற்றின்போது நீராழம் 30 அடி; பெருக்கின்போது 50 அடி. உள்ளே நுழைவதற்கு 45 அடி ஆழம் வேண்டிய கப்பலொன்று வற்று நேரத்தில் வாயிலுக்கு வந்து நிற்கிறது. அது எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. பாடசாலையிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உலகின் பெரும் இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று கிடந்தது. அதன் படிக்கட்டுகளில் நீர் இரண்டடிக்கு மேல் ஏறி இறங்கி நாங்கள் கண்டதில்லை. இருபது அடி ஏறி இறங்கும் கடல் எங்கே இருக்கிறது என்று ஒருவன் கேட்டான். “கணக்கைச் செய், கடலைப் பிறகு பார்க்கலாம்” என்றார் ஆசிரியர். கணக்கைச் செய்தோம். கடலை நான் பார்த்தது மிகவும் பிந்தித்தான். அது எவ்வளவு பிந்தியது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

அந்தக் கணக்கு ‘எளிமை இசை இயக்கம்’ என்ற அத்தியாயத்தைச் சேர்ந்தது. தமிழக மாணவர்கள் இதனைத் தனிச்சீரிசை இயக்கம் என்பர். ஒரு பொருளை அதன் ஓய்வுநிலையிலிருந்து விலக்கினால், விலகிய தூரத்துக்கு அளவொத்த விசையொன்று அதனை மீண்டும் ஓய்வுநிலை நோக்கி இழுக்கிறது. இழுபட்டு வரும் பொருள் அங்கே நிற்பதில்லை; பெற்ற வேகத்தால் மறுபுறம் கடந்து சென்று, மீண்டும் இழுபட்டுத் திரும்புகிறது. ஊசற்குண்டின் சிறிய ஆட்டமும், வில்லில் தொங்கும் பாரமும் இவ்வகையின. நடுவிலிருந்து அது எட்டும் மிகக் கூடிய தூரம் வீச்சம். ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரம் அலைவு காலம். சீராகச் சுழலும் சக்கரமொன்றின் விளிம்பில் ஒரு விளக்கைக் கட்டிப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், விளக்கு மேலும் கீழும் செல்வது இந்த இயக்கமே. நடுவில் விரைவாகவும் ஓரங்களில் தயங்கியும் செல்லும்.

இந்தத் தயக்கத்தில்தான் எங்கள் கணக்கின் விடை இருந்தது. கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. வற்றிலிருந்து பெருக்குக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நடுமட்டமான 40 அடியை எட்ட 3 மணியும் 6 நிமிடமும். அதன்மேல் ஐந்தடி ஏற இன்னும் ஒரு மணியும் 2 நிமிடமும். ஆக 4 மணி 8 நிமிடக் காத்திருப்பு.

பாடநூலின் துறைமுகம் கற்பனையானதன்று. அது எங்களுடையதன்று என்பதே உண்மை. தேம்ஸ் நதியிலும் ஊக்ளி நதியிலும் கப்பல்கள் பெருக்குக்காகக் காத்துக் கிடந்தன. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் நீர்மட்டம் பத்து மீற்றரளவு ஏறி இறங்குகிறது. கடல் தன்னிச்சையாக ஆடும் ஊசலன்று. சந்திரனும் சூரியனும் தத்தம் தாளத்தில் தள்ளிக்கொண்டிருக்கும் ஊசல். ஊஞ்சலைத் தள்ளுபவர் அதன் ஆட்டத்துக்கு இசைந்து தள்ளினால் அது உயர எழும். இசையாது தள்ளினால் எழாது. காம்பேயின் நீளமும் ஆழமும் சந்திரனின் தாளத்துக்கு ஏறத்தாழ இசைந்திருப்பதால், அங்கே சிறு ஏற்றமும் பேரேற்றமாகிறது. திருகோணமலைக் கரையில் அத்தகைய இசைவில்லை. இங்கே சந்திரன் எழுப்பும் முதன்மை அலைவின் வீச்சம் ஒரு சாணுக்குக் குறைவு. சூரியனின் பங்கு அதிலும் பாதிக்குக் குறைவு.

இந்தச் சிறுமையே துறைமுகத்தின் பெருமைக்கு ஒரு காரணமாயிற்று. வாயில் ஆழமானது; நீர்மட்டமோ பெரிதாக மாறுவதில்லை. எனவே எந்தக் கப்பலும் பெருக்கை எதிர்பார்த்து வெளியே நிற்க வேண்டியதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சென்னையின் திறந்த கரையோரம் பாய்க்கப்பல்களுக்கு ஆபத்தானது. வங்கக் கடலின் மேற்குப் புறத்தில் ஒரு கடற்படை ஒதுங்கிப் பழுதுபார்க்கத்தக்க புகலிடம் திருகோணமலைதான். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் இதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் இதனைப் பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3ஆம் நாள், இத்துறைமுகத்தின் பொருட்டு இரு கடற்படைகளும் வெளிக்கடலில் பொருதின. 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமான துறைமுகம், 1957 வரை அவர்களது கடற்படைத் தளமாக இருந்தது.

கப்பல்களுக்குப் பெருக்குக் கணக்குத் தேவைப்படாத அந்தத் துறைமுகத்திலும், கடலின் ஏற்ற இறக்கத்தை ஒரு காலத்தில் இரவுபகலாக எழுதிவைத்தார்கள்.

இதன் தொடக்கம் பிரித்தானியாவில். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தொம்சன், 1867 அளவில் வற்றுப்பெருக்கைப் பகுத்தாராயும் முறையொன்றை வகுத்தார். ஒரு துறையின் நீர்மட்டம் எவ்வளவு சிக்கலாக ஏறி இறங்கினாலும், அது பல எளிமை இசை இயக்கங்களின் கூட்டுத்தொகையே என்பது அதன் அடிப்படை. ஒன்றின் அலைவு காலம் 12 மணி 25 நிமிடம்; அது சந்திரனுடையது. இன்னொன்று சரியாக 12 மணி, அது சூரியனுடையது. நாளுக்கு ஒருமுறை ஆடுவன வேறு. ஒவ்வொன்றின் காலமும் வானியலால் முன்கூட்டியே தெரியும். ஒவ்வொரு துறையிலும் அவற்றின் வீச்சம் எவ்வளவு, எந்நேரத்தில் உச்சத்தை எட்டுகிறது என்பவற்றை மட்டும் அளந்தறிய வேண்டும். அறிந்துவிட்டால், வரும் ஆண்டுகளின் கடலை இன்றே எழுதிவிடலாம்.

கூட்டுவதற்கு ஒரு பொறியையும் அவர் அமைத்தார். பல கப்பிகள், ஒவ்வொன்றும் தனக்குரிய காலத்தில் மேலும் கீழும் செல்லும். அவை அனைத்தின்மீதும் ஒரே கம்பி ஓடி, நுனியிலுள்ள எழுதுகோல் கூட்டுத்தொகையைத் தாளில் வரையும். பாடசாலையில் தனித்தனியாகப் படித்த இயக்கம் அங்கே பித்தளைச் சக்கரங்களாக வரிசையில் நின்றது. எட்வர்ட் ரொபேர்ட்ஸ் என்பார் வடிவமைத்த பொறியொன்று 1879இல் இலண்டனில் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே செய்யப்பட்டது.

அளக்கும் வேலை இந்திய நிலஅளவைத் துறையினுடையது. கச்சு வளைகுடாவில் 1870களில் அதனைத் தொடங்கியவர் பெயர்ட் என்ற பொறியியற் படை அதிகாரி. கரையோரத்தில் ஒரு கிணறு. கடலோடு அதனைச் சிறு துளை இணைக்கும். துளை சிறிதாகையால் அலைகளின் குலுக்கம் உள்ளே எட்டாது. மெல்ல ஏறி இறங்கும் மட்டம் மாத்திரம் எட்டும். கிணற்றில் ஒரு மிதவை. அதனோடு ஓர் எழுதுகோல். எதிரே மணிக்கூடு சுழற்றும் உருளையில் சுற்றிய தாள். மணிக்கூட்டுக்குள் ஓர் அலைவு, கடலில் ஓர் அலைவு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளந்தார்கள். சென்னை, நாகப்பட்டினம், விசாகப்பட்டினம், போர்ட் பிளேயர் என்று இக்கருவிகள் பரவின. கொழும்பிலும் காலியிலும் 1880களில் வைத்தார்கள். 1890இல் திருகோணமலையிலும் தொடங்கிச் சில ஆண்டுகள் அளந்தார்கள். வீச்சங்கள் தெரிந்ததும் வேலை முடிந்துவிட்டதென்று கருவியை எடுத்துவிட்டார்கள்.

கணக்கைப் பொறுத்தவரை அவர்கள் செய்தது சரியே. ஆனால் இத்தகைய கருவிகளுக்கு வேறொரு பயனும் உண்டென்பது, திருகோணமலையில் அளவை தொடங்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. 1881 டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார்த் தீவருகே பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த கடலலைகளை வங்கக் கடலைச் சூழ்ந்திருந்த அளவிகள் பதிவு செய்தன. வற்றுப்பெருக்கின் சீரான வளைகோட்டின்மீது, எந்தச் சந்திரனுக்கும் எந்தச் சூரியனுக்கும் உரியதல்லாத பற்கள் தோன்றின. உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. 1883 ஆகஸ்டில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோதும் தாள்கள் அவ்வாறே நடுங்கின. ஒழுங்கு எது என்று எழுதிவைத்திருந்ததால்தான், ஒழுங்கல்லாதது தெரிந்தது.

நிக்கோபார்ப் பக்கமிருந்து அலைகள் புறப்பட்டுக் குடாவைக் கடந்து நம் கரைக்கு வரும் என்ற செய்தி, அந்தத் தாள்களில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. மொடெஸ்ரோ ஓர்ட்டிஸ், ரொஜர் பில்ஹாம் என்ற ஆய்வாளர்கள் அப்பழைய பதிவுகளை எடுத்து 1881ஆம் ஆண்டு நிலநடுக்கத்தை ஆராய்ந்து வெளியிட்டது 2003இல். மறு ஆண்டு டிசம்பர் வந்தது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பூரணை விடுமுறை நாளும்கூட. கொழும்பில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் அன்று காலை நான் பணியில் இருந்தேன். ஒன்பது மணியளவில் திருகோணமலையிலிருந்து உறவுக்காரப் பையன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, கடல் தெருவுக்கு வந்திட்டுது. இப்ப திரும்பிப் போகுது. பாறையெல்லாம் தெரியுது” என்றான். குரலில் அச்சத்தைவிட வியப்பே மிகுந்திருந்தது.

நான் சொன்ன மறுமொழியை இன்றும் மறக்க இயலவில்லை. “இண்டைக்குப் பறுவமெல்லே தம்பி, பெருக்குக் கூடத்தான் இருக்கும்” என்றேன்.

சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன். பறுவத்தில் பெருக்குக் கூடும் என்பது உண்மைதான். 12 மணிக் காலமுள்ள அலைவும் 12 மணி 25 நிமிடக் காலமுள்ள அலைவும் ஏறக்குறைய 15 நாளுக்கு ஒருமுறை ஒன்றாக உச்சம் எட்டுகின்றன. அமாவாசையையும் பறுவத்தையும் ஒட்டிப் பெருக்குக் கூடுவது அதனால். ஆனால் எங்கள் துறையில் அக்கூடுதலுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லா அலைவுகளையும் சேர்த்தாலும், வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே இரண்டடி அளவே. தெருவுக்கு வரும் நீரையும் பாறை தெரிய விலகும் நீரையும் அந்தக் கூட்டுத்தொகையால் தர முடியாது. நேரமும் பொருந்தாது; ஆறு மணி நேரத்தில் நிகழ வேண்டியது சில நிமிடங்களில் நிகழ்ந்திருந்தது. பதினெட்டு வயதில் நான் செய்து புள்ளி பெற்ற கணக்கு இது. படிக்கட்டில் நீர் எவ்வளவு ஏறும் என்பதையும் கண்ணாரக் கண்டவன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பையன் என் விளக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. தாயையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு அயல்வீட்டு மாடிக்கு ஏறினான். அடுத்து வந்த அலை முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. அவர்கள் பிழைத்தார்கள். மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி என்று மாவட்டத்தின் கரையெங்கும் ஏறத்தாழ ஆயிரம் பேர் பிழைக்கவில்லை. நாடு முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர்.

சுமாத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் கிழக்குக் கரையை அலை எட்டியதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. பசிபிக் கடலுக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் உண்டு. ஹவாயிலுள்ள அந்த நிலையம் பதினைந்து நிமிடத்தில் நிலநடுக்கத்தை அறிவித்தது. ஆனால் இந்துமா கடலில் உடனுக்குடன் செய்தி அனுப்பும் அளவிகளும் இல்லை, செய்தியைப் பெற்றுக் கரைக்குச் சொல்லும் ஏற்பாடும் இல்லை. அவை வந்தது அழிவின் பின்னர்தான். ஹைதராபாத்தில் இந்தியாவின் எச்சரிக்கை நிலையம் 2007இல் இயங்கத் தொடங்கியது. இந்துமா கடலுக்கான பொது ஏற்பாடு 2011இல் செயற்பட்டது. திருகோணமலையிலும் கடல்மட்ட அளவி மீண்டும் வைக்கப்பட்டது.

பேரரசுகள் மாறி மாறிப் பொருதிய துறைமுகம் இது. அதன் ஆழத்தை அளந்தார்கள், அரண் கட்டினார்கள், எண்ணெய்க் குதங்களை நிறுவினார்கள். கடலின் நாடியைச் சில ஆண்டுகள் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்கள். பின்வந்த நம்மவர்களும் அதனைத் தொடரவில்லை. அடங்கிய கடல்தானே என்ற எண்ணம் எல்லோருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது.

அண்மையில் ஊருக்குப் போயிருந்தபோது, உயர்தரம் படிக்கும் பேரப்பிள்ளையொருத்தியின் பௌதிகப் பயிற்சிக் கொப்பியைப் புரட்டினேன். துறைமுக வாயில் கணக்கு இன்னமும் இருக்கிறது. அடிகள் மீற்றர்களாக மாறியிருக்கின்றன. விடையைச் சரியாகவே எழுதியிருந்தாள். அன்று மாலை அவளைத் துறைமுகக் கரைக்கு அழைத்துச் சென்று, படிக்கட்டில் ஈரம் படிந்திருந்த எல்லையைக் காட்டினேன். அந்த எல்லைக்கு மேலே நீர் வந்தாலும், என்றுமில்லாதவாறு கீழே இறங்கினாலும், யார் என்ன விளக்கம் சொன்னாலும் கேளாதே, மேட்டுக்கு ஓடு என்றேன்.