கணினியில் இடம் நிறைந்துவிட்டதா? அழிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

 

ஜூனில் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்து வீடுகளில் விருந்தினர் கூட்டம்தான். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள், சென்னையிலிருந்து வந்தவர்கள் எல்லோருமாக மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரு சுற்று போய்வருவார்கள். கைபேசிகளில் எடுத்த வீடியோக்கள் அத்தனையும் அன்றிரவே வீட்டுக் கணினியில் வந்து இறங்கும். சில நாட்களில் சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டும், கணினி ஊர்ந்து செல்லும். அப்போது வீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து 'தேவையில்லாததை' அழிக்கத் தொடங்குவார். நாம் கவலைப்படுவது அந்த நேரத்தைப் பற்றித்தான்.

ஏனென்றால் அதே கணினியில்தான் வாப்பாவின் பாஸ்போர்ட் நகல், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ்கள், மவ்த்தாகிவிட்ட உம்மாவின் குரல் பதிவு எல்லாம் இருக்கின்றன. ஜமாஅத் அலுவலகக் கணினி என்றால் பொறுப்பு இன்னும் கூடுதல். நிக்காஹ் பதிவேட்டின் நகல்கள், சந்தா கணக்கு, பள்ளிவாசல் சொத்துகளின் ஆவணங்கள் எல்லாம் அதில் இருக்கும். மத்திய அரசு 2025 ஜூன் 6 அன்று உமீத் இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃப் சொத்து விவரங்களை ஆறு மாதத்துக்குள் பதிவேற்றச் சொன்னபோது, பழைய பத்திரங்களை அவசர அவசரமாக ஸ்கேன் செய்து கணினியில் போட்ட முத்தவல்லிகள் உண்டு. அந்த ஃபைல்கள் பெரும்பாலும் இன்னமும் டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலோ கிடக்கும். அவை ஊரின் அமானிதம்.

முதலில் எது இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். ஐஃபோனில் 4கே தரத்தில், நொடிக்கு 60 பிரேம் வேகத்தில் எடுக்கும் வீடியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 எம்பி. அருவிக்கரையில் பத்து நிமிடம் எடுத்தால் 4 ஜிபி போய்விட்டது. ஒரு மணி நேர பயானை 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆடியோவாக வைத்தால் 29 எம்பிதான். இருபது பக்கப் பத்திரத்தின் பிடிஎஃப் பெரும்பாலும் சில எம்பிக்குள் அடங்கிவிடும். அதாவது, திரும்பக் கிடைக்காத ஆவணங்கள் மிகச் சிறியவை. அவற்றை அழிப்பதால் இடம் ஒன்றும் மிச்சமாகப் போவதில்லை. ஆனாலும் பதற்றத்தில் அழிக்கும்போது அவையும் சேர்ந்தே போய்விடுகின்றன.

எனவே முதல் வேலை அழிப்பதல்ல, நகல் எடுப்பது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் முக்கியமான ஃபோல்டர்களை 'காப்பி' செய்யுங்கள். 'கட்' செய்ய வேண்டாம். கட் செய்து நகர்த்தும் வழியில் கரண்ட் போனாலோ கேபிள் கழன்றாலோ எது எங்கே நின்றது என்று தேடி அலைய வேண்டும். சாரல் காலத்தில் நம் பக்கம் காற்றுக்குக் கரண்ட் எப்படிப் போய்வரும் என்று சொல்லத் தேவையில்லை. காப்பி முடிந்ததும் அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி நாலைந்து ஃபைல்களையாவது திறந்து பாருங்கள். அதன் பிறகுதான் மூலத்தில் கை வைக்க வேண்டும். டிஸ்க்கை ஈரக்காற்று படும் ஜன்னலோரம் வைக்காமல், சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வைப்பது நல்லது. பென் டிரைவை நிரந்தரச் சேமிப்பாக நம்ப வேண்டாம். அவசியமான ஆவணங்களுக்கு இரண்டு நகல்கள் வேண்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

(புதிதாக வாங்கிய 1 டிபி டிஸ்க் கணினியில் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். நிக்காஹ் வீடியோ ஒன்று பென் டிரைவில் ஏற மறுத்தால் அந்த பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டதாக இருக்கலாம். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.)

விண்டோஸ் தானே கழித்துக்கொள்ளும் இடம்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், பிறகு சிஸ்டம், பிறகு ஸ்டோரேஜ் என்று போனால் எந்த வகை ஃபைல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். அதில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதைத் திறங்கள். விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், தம்ப்நெயில்ஸ், டெம்பரரி ஃபைல்ஸ் ஆகியவற்றைத் தயங்காமல் டிக் செய்து நீக்கலாம். தேவைப்பட்டால் விண்டோஸ் இவற்றைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளும்.

பட்டியலில் 'முந்தைய விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்' என்று ஒன்று இருந்தால் அது பல ஜிபி பிடிக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் பலர் 11-க்கு மாறியிருப்பார்கள். மாறிய 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்ப இது உதவும், பிறகு விண்டோஸே நீக்கிவிடும். புதியது நன்றாக ஓடுகிறது, பழைய ஃபைல்கள் எல்லாம் வந்துவிட்டன என்று உறுதியான பிறகு நீங்களே நீக்கினாலும் பாதகமில்லை.

அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் குப்பை போலத் தோன்றும். ஆனால் நம் வீடுகளில் பட்டா, வில்லங்கச் சான்று, விசா நகல், ஆதார் பிடிஎஃப், வாட்ஸ்அப் வெப் வழியாக வந்த பத்திரம் எல்லாம் இறங்குகிற இடம் இதுதான். 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பில், டிஸ்க் கிளீனப் பட்டியலிலும் டவுன்லோட்ஸைச் சேர்த்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் டிக் போட்டுப் பழகியவர்களுக்கு அது ஆபத்தாக இருந்ததால் 2020 பதிப்பில் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். செட்டிங்ஸில் மட்டும் இன்னும் இருக்கிறது. அதே 2018 பதிப்பை நிறுவியபோது சிலருடைய டாக்குமென்ட்ஸ், படங்கள் ஃபோல்டர்களே காணாமல் போனதால் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வெளியிட்டது. நகல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

டவுன்லோட்ஸை மொத்தமாக அழிக்காமல், திறந்து, அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே வீடியோ பெயருக்குப் பின்னால் (1), (2) என்று மூன்று முறை இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். நிறுவி முடித்த மென்பொருள்களின் செட்டப் ஃபைல்களும் இருக்கும். இவற்றை நீக்கினாலே கணிசமான இடம் கிடைக்கும். ஸ்டோரேஜ் சென்ஸ் வசதியை இயக்கினால் அதிலும் டவுன்லோட்ஸுக்கு 'நெவர்' என்றே வைத்துவிடுங்கள்.

பெரிய ஃபைல்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரியவில்லை என்றால் வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் படமாகவே காட்டும். அது காட்டுகிறதே என்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ், இன்ஸ்டாலர் ஃபோல்டர்களை அழிக்கப் போக வேண்டாம். அப்டேட்டும் மென்பொருள் நீக்கமும் பிறகு வேலை செய்யாது. பேஜ்ஃபைல், ஹைபர்ஃபில் என்ற பெரிய ஃபைல்களும் விண்டோஸ் பயன்படுத்துபவையே.

"ஒரே கிளிக்கில் கணினி வேகமாகும்" என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்களை நாம் பரிந்துரைப்பதில்லை. புகழ்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே 2017-ல் திருடர்கள் தீய நிரலைப் புகுத்தி, 22 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளர்களிடம் அது போய்ச்சேர்ந்தது. விண்டோஸே செய்கிற வேலைக்கு வெளியாள் எதற்கு?

ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. பல புதிய கணினிகளில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டும் தானாகவே ஒன்டிரைவுடன் இணைந்திருக்கும். அங்கே ஃபைலை டிலீட் செய்தால் இணையத்தில் இருப்பதும், மற்றக் கணினிகளில் இருப்பதும் போய்விடும். ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே கணினியில் இடம் காலியாகி, ஃபைல் இணையத்தில் பத்திரமாக இருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான் என்பதால் ஆவணங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அருவி வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு அனுப்பிவிடலாம்.

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் "ஃபார்மட் அடிச்சிடலாமா அண்ணே?" என்று கேட்பார்கள். "சி டிரைவ் மட்டும்தான்" என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். வழக்கமாக டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்குமே சி டிரைவில்தான் இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் ஆவணங்களை வைத்திருக்கும் ஜமாஅத் நிர்வாகிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளவும். நகல் இருக்கிறதா என்று பாராமல் சரி என்று சொல்லாதீர்கள்.

தவறுதலாக அழித்துவிட்டால் முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். ஷிஃப்ட் விசையுடன் டிலீட் செய்தவையும், பென் டிரைவிலிருந்து அழித்தவையும் அங்கே இருக்காது. அப்படியானால் அந்த டிஸ்க்கில் வேறு எதையும் பதியாமல் உடனே கணினியை அணைத்துவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழித்த இடத்தில் புதிய ஃபைல் வந்து உட்காரும் வரை பழையது மீளும் வாய்ப்பு உண்டு. ஃபோட்டோரெக், ரெகுவா போன்ற மென்பொருள்களை வேறொரு கணினியிலிருந்து இயக்கி மீட்டவர்கள் இருக்கிறார்கள். எஸ்எஸ்டி என்றால் டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தை விரைவிலேயே துடைத்துவிடும். அதில் மீட்பது பெரும்பாலும் நடக்காது. இப்போது வரும் லேப்டாப்கள் அநேகமாக எஸ்எஸ்டிதான்.