சீலியாக்

'சீலியாக்' என்ற நோய்ப்பெயரின் வேர் கிரேக்கம். 'கொய்லோஸ்' என்றால் உட்குழிவானது. அதிலிருந்து பிறந்த 'கொய்லியா' வயிற்றைக் குறிக்கும். உண்டது செரிக்காமல் மெலிந்துபோனவர்களைக் கப்படோக்கியாவைச் சேர்ந்த பண்டைய மருத்துவர் அரெட்டேயஸ் 'கொய்லியாக்கோஸ்' என்றார். 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ அந்தப் பெயரிலேயே நோயை விவரித்தார்.

பெயர் வயிற்றைச் சுட்டினாலும் சேதம் நேர்வது சிறுகுடலில். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றின் புரதம் குளூட்டன். லத்தீனில் இதற்குப் பசை என்று பொருள். பரோட்டா மாவை இழுக்க இழுக்க நீளவைப்பது இதுதான். சீலியாக் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், அவர்களுடைய நோய் எதிர்ப்பு மண்டலமே, சத்துகளை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது. ரத்தசோகையும் எடைக்குறைவும் அதன் விளைவுகள்.

நோயைக் கண்டறிய முதல் சோதனை ரத்தத்தில்: டிடிஜி-ஐஜிஏ என்ற எதிர்ப்பான், கூடவே மொத்த ஐஜிஏ அளவு. அடுத்து, எண்டோஸ்கோப்பி வழியாக முன்சிறுகுடலிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை. சர்வதேச உணவுத் தரத்தின்படி, 'குளூட்டன் இல்லாதது' என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாதது. தமிழர் சமையலறையில் இட்லி, இடியாப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எல்லாம் இயல்பாகவே உதவும். ரவை, மைதா, கோதுமைச் சேமியாவை விலக்குவதும் எளிது. கவனம் தேவைப்படுவது கூட்டுப் பெருங்காயத்தில்: பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசப்பொடி வாங்கும்போதும் உறையிலுள்ள பொருட்பட்டியலைப் படித்தே ஆக வேண்டும்.