அல்லகுறியும் ஊமைப்படமும்

காதற்சூழ்ச்சியும் அது பிழைபடுதலும் நகைப்பொருளாதல் மேனாட்டுத் திரைப்படத்தால் நம் நாட்டுக்கு வந்த புதுமை எனக் கருதுவார் உளர். அகப்பொருளைத் தூய காதலின் இலக்கணமாக மட்டுமே கற்பித்து வருகின்ற ஆசிரியராகிய யாமும் இக்கருத்துக்கு ஒருவாற்றாற் பொறுப்பாவோம். தில்லைக்கே உரிய திருக்கோவையாரையும் ஊமைப்பட வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கின், இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும்.

திருக்கோவையார் 400 பாட்டுள் மதியுடம்படுத்தல் 10 பாட்டால் இயன்றது. தலைவியும் தோழியும் ஒருங்கிருக்குமிடத்துத் தலைவன் செல்கின்றான். வேழம் இவ்வழி வந்ததோ என்கின்றான். பின்னர்க் கலைமானை வினாவுகின்றான். அதுவும் பயன்படாதவழி, வழியையும் ஊரையும் பெயரையும் வினாவுகின்றான். தேடிவந்தது விலங்கன்று என்பதைத் தோழி உணராதவள் அல்லள். அவர்கள் வாய் திறவாமையால் அவன் படும் இடர், 'மொழிபெறாது கூறல்' எனத் தனித்துறையாகவே நிற்கின்றது. சேட்படை என்னும் பகுதியோ 26 பாட்டு. அவன் கொணர்ந்த தழையைத் தோழி ஒவ்வொரு காரணங்காட்டி மறுத்து, நகைத்து, நெடிது அலைத்த பின்னரே ஏற்பிக்கின்றாள்.

இனி, இரவுக்குறியில் நிகழும் அல்லகுறியே ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. புள்ளை எழுப்பியோ நீரில் ஒன்றை எறிந்தோ தலைவன் தன் வரவை உணர்த்துதல் மரபு. புள் தானே எழுந்தாலும் காய் தானே நீரில் வீழ்ந்தாலும் தலைவி அதனை அவன் செய்த குறியென மயங்கி வந்து, வறிதே மீள்கின்றாள். இம்மயக்கத்துக்குத் தொல்காப்பியர் களவியலுள்ளே இடந்தந்தார். உரையாசிரியர் இதனை வரைவு கடாதற்குரிய காரணமாகக் கொண்டு மேற்செல்வர். அது தக்கதே, ஆயினும் பேசவியலாத இருவர் ஓர் ஒலியை நம்பி நிற்றலும், அவ்வொலி பொய்த்தலுமாகிய நிகழ்ச்சி அக்கொள்கையுள் மறைந்துபோதல் நன்றன்று.

ஊமைப்பட நகைச்சுவையின் உயிர்நிலையும் இதுவே. சார்லி சாப்ளின் 1931 சனவரியில் வெளியிட்ட 'சிட்டி லைட்ஸ்' படத்தில், காவலனுக்கு அஞ்சிய நாடோடி, நின்றிருந்த மோட்டார் வண்டியினுள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகின்றான். கதவு சாத்தப்படும் ஒலியைக் கேட்ட பார்வையற்ற பூக்காரி, வந்தவன் செல்வன் என எண்ணிப் பூவை நீட்டுகின்றாள். வண்டிக்குரியவர் ஏறிச் சென்றதும், மீதிக்காசு கேளாமலே அவன் போய்விட்டான் என நினைக்கின்றாள். பின்வரும் கதை முழுதும் இவ்வோர் ஒலிமயக்கத்தில் விளைந்தது. உரையாடல் இல்லாத படம் ஒன்று தன் கதையைக் கேள்வியின்மீது நிறுத்தியது வியத்தற்குரியது. ஹெரால்டு லாயிடின் 'கேர்ள் ஷை' (1924) படத்திலோ, பெண்டிர்முன் நா எழாது திக்கும் தையற்பணியாளன் ஒருவன் காதற்கலை பற்றி நூலெழுதுகின்றான். மொழிபெறாத் தலைவனுக்கு அவனை மறுதலை எனலாம்.

இவற்றுக்கிடையே கடன்கொடை உண்டென யாம் கூறவில்லை. சாப்ளின் தொல்காப்பியம் அறியார்.

நம் நாட்டு நிலையை நோக்குவாம். தென்னிந்திய இரயில்வேயில் எழுத்தராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சிராப்பள்ளியில் தூபாந்து என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர்ஊராய்ப் படங்காட்டினார். திருச்சிராப்பள்ளியைச் சென்னையொடு இணைத்த அவ்விருப்புப்பாதை சிதம்பரத்தையும் கடலூரையும் ஊடறுத்துச் செல்வது. 1917-18 அளவில் ஆர். நடராச முதலியார் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' தமிழகத்தின் முதற் கதைப்படம். அதன் கதையும் குறிபிழைத்த கதையே. வண்ணமகளாய்க் கரந்துறையும் திரௌபதியை விழைந்த கீசகன், அவள் குறித்த இருளிடத்துக்கு ஒப்பனையொடு செல்ல, ஆங்கு அவனை எதிர்கொண்டவன் வீமன்! கடலூரை உள்ளிட்ட திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரிற் பிறந்த வில்லிபுத்தூரார் பாடியதும், திரௌபதியம்மன் விழாக்களிற் கூத்தர் ஆடியதும் இக்கதையே. முன்பே அறிந்த கதையாதலின் பேச்சின்றியும் மக்கள் உணர்ந்தனர். ஊமைப்படத்தார் புராண இதிகாசங்களையே பெரிதும் நாடியமைக்கு இஃது ஒரு காரணமாகலாம். அப்படத்தின் பிரதி எஞ்சவில்லை.

மேனாட்டுப் படத்தில் குறி பிழைத்தவன் ஓடித் தப்புவான், கீசகன் உயிரிழந்தான். அல்லகுறிப்பட்ட தலைவியோ மறுநாளும் காத்திருப்பாள். நகையின் அளவு மூவிடத்தும் வேறு.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1929இல். இரண்டாண்டு கழித்து, 1931 அக்டோபர் 31ஆம் நாள், தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' சென்னையில் வெளியாயிற்று. கல்விச் செருக்குடைய அரசிளங்குமரிக்குக் கல்லாத இடையன் ஒருவனைச் சூழ்ச்சியால் மணமுடிக்கும் கதை அது. வாய் திறவாதே என அவனுக்குக் கற்பித்து அவைக்கு அழைத்துச் சென்றனர் என்றும், அவன் காட்டிய விரற்குறிகளை அவள் பெருந்தத்துவமெனப் பிறழ உணர்ந்தாள் என்றும் காளிதாசரைப் பற்றிய செவிவழிக்கதை கூறும்.